உறைபனி வரும் முன் வால்வைக் கண்டுபிடியுங்கள்: ஹூஸ்டன் வீட்டுக்காரர்களுக்கு

டெக்சஸில் புதிதாக வீடு வாங்கிய நம்மவர்கள் பால் காய்ச்சக் கூப்பிட்டால் போவேன், சாப்பிடுவேன், கிளம்பும்போது ஒன்று கேட்பேன்: வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது? பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. 2021 பிப்ரவரி 17 காலை வரை எனக்கும் தெரியாது.

டெக்சஸ் முழுவதும் உறைபனியில் முடங்கிய வாரம் அது. அன்று புதன்கிழமை. திங்கள் அதிகாலையில் போன கரண்ட் அன்று காலைதான் வந்தது. ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் அழாத குறையாக அதன் காற்றுக்கு அடியில் போய் நின்றோம். இரண்டு மணி நேரம் கழித்து மாடியில் மகளின் அறையில் மழை பெய்வதுபோல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கூரைப் பலகை நடுவில் தொப்பைபோலத் தொங்குகிறது, ஓரங்களில் தண்ணீர் ஒழுகுகிறது. நான் வாளி எடுக்க ஓடினேன், கணவர் வால்வைத் தேடி ஓடினார். கராஜில் தேடினார், சமையலறையில் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவர் நீளமான இரும்புச் சாவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவோரத்து மீட்டர் பெட்டியைத் திறந்து நிறுத்தினார். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. பலகை மொத்தமாகக் கட்டிலின்மேல் விழுந்திருந்தது.

ஊரே பைப் உடைந்து கிடந்ததால் பிளம்பர் வர ஒன்பது நாள் ஆனது. உடைந்த துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். செம்புக் குழாய், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளவு, முற்றிய வெண்டைக்காய் வெடித்ததுபோல உதடுகள் வெளியே மலர்ந்திருந்தன. சீரகம் நுழையும் அகலம்தான். இதன் வழியாகத்தான் ஒரு அறையே போனது. அந்தத் துண்டை இன்னும் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

அதன்பின் 2022 டிசம்பரில் ஒரு கடுங்குளிர் வந்தது. 2025 ஜனவரி 21-ல் ஹூஸ்டனிலேயே பனி கொட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாம் பனிமனிதன் செய்தார்கள். இரண்டு முறையும் எங்கள் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. என்ன செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

கரண்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்

நியூஜெர்சியில் இருக்கும் என் தோழி, "13 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கா இவ்வளவு பயம்? இங்கே அது சாதாரணம்டி" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வீட்டில் குழாய்கள் தரைக்குக் கீழே, சூடான பேஸ்மென்ட்டில் ஓடுகின்றன. நம் வீடுகள் வெயிலைத் தாங்கக் கட்டியவை. பேஸ்மென்ட் கிடையாது. காங்கிரீட் தளத்தின்மேல் வீடு, குழாய்கள் வெளிச்சுவருக்குள்ளும் பரணிலும் ஓடும். ஹூஸ்டன் பக்கம் நிறைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டியே பரணில்தான் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வட துருவத்துக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவில் குறுக்கே ஒரு மலை கிடையாது. மேலே குளிர்க்காற்றைப் பிடித்து வைத்திருக்கும் சுழல் பலவீனமானால், அந்தக் காற்று கனடாவிலிருந்து சமவெளி வழியாகத் தடையில்லாமல் இங்கே இறங்கிவிடும். காலையில் அரைக்கைச் சட்டை, மாலையில் பற்கள் அடித்துக்கொள்ளும். 2021-ல் அப்படித்தான் இறங்கியது. பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனில் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் பத்தரை செல்சியஸ். டாலஸில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 19.

குளிரைவிட நம்மை வீழ்த்தியது மின்சாரம். டெக்சஸின் பெரும்பகுதிக்கு எர்காட் என்ற அமைப்பு நடத்தும் தனி மின்வலை. பக்கத்து மாநிலங்களிலிருந்து அவசரத்துக்குப் பெரிதாக வாங்க முடியாது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, மின்நிலையங்கள் நின்றன. மொத்த வலையும் சரிந்துவிடாமல் இருக்க பிப்ரவரி 15 அதிகாலையில் பகுதி பகுதியாக வெட்டினார்கள். முழுவதும் சரிய 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருளில் கிடந்தன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அதன்பின் மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்தச் சட்டம் வந்தது, நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் உறைமழை பெய்து கிளை முறிந்து உங்கள் தெருக் கம்பியில் விழுந்தால் அதற்கு எந்தச் சட்டமும் உதவாது. ஹீட்டர் கேஸில் ஓடுவதுதானே என்று நினைக்காதீர்கள். கேஸ் ஹீட்டரின் விசிறிக்கும் கரண்ட் வேண்டும்.

மூன்று நாள் முன்பு

தேசிய வானிலை சேவையின் முன்னறிவிப்பில் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: இரவில் 20 டிகிரிக்குக் கீழே போகிறதா? நீர் 32-ல் உறையும் என்றாலும், பரணிலும் சுவருக்குள்ளும் இருக்கும் குழாய்கள் உறைய வெளியே ஏறக்குறைய 20 டிகிரி, அதாவது மைனஸ் 7 செல்சியஸ், சில மணி நேரம் நீடிக்க வேண்டும். 28 என்றால் தோட்டக் குழாய்களைப் போர்த்தி, செடிகளையும் கவனித்துவிட்டுத் தூங்குங்கள். 20-க்குக் கீழே என்றால் கீழே சொல்வதை எல்லாம் செய்யுங்கள்.

முதல் வேலை வால்வு. வெளிச்சுவரில் தோட்டக் குழாய் இருக்கும் பக்கம் தேடுங்கள். தரையிலிருந்து வந்து சுவருக்குள் நுழையும் குழாயில் ஒரு கைப்பிடி இருக்கும். சில வீடுகளில் கராஜுக்குள், சிலவற்றில் புல்தரையில் பச்சை மூடி போட்ட பெட்டிக்குள். எதுவும் இல்லையென்றால் தெருவோர மீட்டர் பெட்டிதான். அதைத் திருப்ப டி வடிவத்தில் நீண்ட இரும்புச் சாவி வேண்டும். வன்பொருள் கடைகளில் கிடைக்கும், விலை அதிகமில்லை. புயல் செய்தி வந்த மறுநாளே காலியாகிவிடும் என்பதால் அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். அப்புறம் ஒருமுறை நிஜமாகவே திருப்பிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது மகளுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

தோட்டக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். மாட்டியே விட்டால் அதில் நிற்கும் நீர் உறைந்து சுவருக்குள் ஏறும். குழாயின்மேல் நுரைத் தொப்பி போடுங்கள். கடையில் தொப்பி தீர்ந்துவிட்டால் பழைய துண்டைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி, டேப் ஒட்டினால் போதும். துண்டு நனையக்கூடாது, நனைந்தால் பயனில்லை. புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இருந்தால், தரைக்கு மேலே நிற்கும் பித்தளைக் குழாயையும் மறக்காமல் சுற்றுங்கள். எங்கள் தெருவில் அதை மறந்தவர்கள்தான் அதிகம். பரணில் தெரிகிற குழாய்களுக்கு நீளமான நுரை உறை வாங்கி மாட்டலாம். ஒரு சனிக்கிழமை வேலை அது.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களால் வால்வைத் தொட முடியாது. அலுவலகத்தில் இரவு அவசர எண்ணை இப்போதே வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

முந்தைய நாள்

தண்ணீர் பிடியுங்கள். குடிக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்று குறைந்தது மூன்று நாளுக்கு. குளியல் தொட்டியையும் நிரப்புங்கள், அது கழிப்பறைக்கு. 2021-ல் நகரங்களில் நீரழுத்தமே விழுந்தது. ஹூஸ்டனில் பிப்ரவரி 17-லிருந்து நான்கு நாள் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பொங்கல் பானை முதல் சாம்பார் வாளி வரை எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது.

சமைத்து வையுங்கள். கேஸ் அடுப்பு இருந்தால் கரண்ட் இல்லாமலும் தீக்குச்சியால் பற்றவைக்க முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள், சில புதிய அடுப்புகள் விடாது. மின்சார அடுப்பு மட்டும்தான் என்றால் அவல், வேர்க்கடலை, ரொட்டி, வாழைப்பழம், முறுக்கு என்று தீயில்லாமல் சாப்பிடக்கூடியதை வாங்குங்கள். இட்லி மாவை நம்பாதீர்கள், அந்தக் குளிரில் பொங்காது. எனக்கு மிகவும் உதவியது இரண்டு எவர்சில்வர் ஃபிளாஸ்க்குகள். இரவு எட்டு மணிக்குச் சுடச்சுட மிளகு ரசமும் வெந்நீரும் ஊற்றி வைத்தால் விடிகாலையிலும் சூடு இருக்கும். இருட்டில் நடுங்கிக்கொண்டு எழும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் சூடான ரசம் கொடுக்க முடிவது பெரிய விஷயம்.

மருந்துகளை ஒரே டப்பாவில் போடுங்கள். மாமாவுக்கு இன்சுலின் உண்டு. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக்கூடாது, பிறகு உருகினாலும் வேண்டாம். டிபன் பாக்ஸில் வைத்து, துண்டு சுற்றி, நாங்கள் படுத்திருந்த அறையிலேயே வைத்துக்கொண்டோம். ஆக்சிஜன் இயந்திரம் போல மின்சாரத்தை நம்பி யாராவது வீட்டில் இருந்தால் காத்திருக்காதீர்கள். 211-க்கு அழைத்தால் பக்கத்தில் எங்கே சூடான முகாம் இருக்கிறது என்று சொல்வார்கள். புயலுக்கு முன்பே போய்விடுங்கள்.

செடிகளுக்கு வருவோம். தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தூக்குங்கள். ஒரே இரவு உறைபனி போதும், இலையெல்லாம் கறுத்துவிடும். மண்ணில் வைத்த முருங்கையைத் தூக்க முடியாது. தண்டின் அடியில் காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் எதையாவது ஒரு முழ உயரம் குவித்துவிடுங்கள். மேலே செத்தாலும் வேரிலிருந்து வெயில் காலத்தில் வந்துவிடும். மல்லிகைக்கும் எலுமிச்சைக்கும் பழைய வேட்டியைத் தரை வரை தொங்கும்படி போர்த்தி, ஓரத்தில் கல் வையுங்கள். மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் போர்வை. வெறும் உச்சியில் முடிச்சுப் போட்டால் பலன் இல்லை.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேலைக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2021 பிப்ரவரி 11 காலை ஃபோர்ட் வொர்த்தில் பனிப்படலம் படிந்த நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஈரமான ரோடு மாதிரியே இருக்கும். ஹூஸ்டனிலோ எங்கே போனாலும் மேம்பாலம், மேம்பாலம்தான் முதலில் உறையும்.

குளிரும் இரவில் குழாய்கள்

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

குழாய் எப்படி உடைகிறது? நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். ஓர் இடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர்கிறது. அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெருக்குகிறது. அந்த நெருக்கலில்தான் பெரும்பாலும் குழாய் வெடிக்கிறது. முனையைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். சொட்டு விடச் சொல்வது இதற்காகத்தான்.

கரண்ட் இருக்கும்வரை: வால்விலிருந்து தூரத்தில் இருக்கும் குழாய்களையும், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களையும் மெல்லிய நூல்போல ஓட விடுங்கள். வெந்நீர்ப் பக்கமும் ஓட வேண்டும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் நடுவில் வையுங்கள். விழும் நீரை வாளியில் பிடித்தால் வீணாகாது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய்க்குப் போகட்டும். குழந்தை இருக்கும் வீட்டில் அங்கே இருக்கும் சோப்பு, ஆசிட்டை முதலில் எடுத்துவிடுங்கள். ஹீட்டரை இரவில் குறைக்காதீர்கள்.

கரண்ட் போய்விட்டது, வெளியே 20-க்குக் கீழே, இரண்டு மூன்று மணி நேரமாகியும் வரும் அறிகுறி இல்லை. இப்போது சொட்டு விடுவதை நம்பி உட்காராதீர்கள். பிரதான வால்வை மூடுங்கள். வெந்நீர்த் தொட்டி கேஸ் என்றால் சிறு சுடர் மட்டும் எரியும் பைலட் நிலைக்குக் கொண்டுவாருங்கள், மின்சாரம் என்றால் அதன் பிரேக்கரை அணையுங்கள். பிறகு மாடியில் எல்லாக் குழாய்களையும், கடைசியாகக் கீழே ஆகத் தாழ்வான குழாயையும் திறந்து விடுங்கள். மேலே காற்று நுழைய, கீழே தண்ணீர் இறங்கும். கழிப்பறைகளையும் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். குழாயில் தண்ணீர் இல்லையென்றால் உறைய எதுவும் இல்லை. 2021-ல் எங்கள் தெருவில் இதைச் செய்த வீடு ஒன்றுதான், அந்த எதிர்வீட்டுப் பெரியவர் வீடு. அங்கே எதுவும் உடையவில்லை.

தொட்டியில்லாத, சுவரில் மாட்டிய வெந்நீர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது உறையாமல் காக்கும் அமைப்பே கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் அதிலிருக்கும் நீரையும் வடிக்க வேண்டும். எப்படி என்று கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள்.

ஆட்கள்

ஒரே அறைக்கு வந்துவிடுங்கள். சின்ன அறை, ஜன்னல் குறைந்தது, முடிந்தால் தெற்குப் பார்த்தது. கதவிடுக்கில் துண்டு, ஜன்னலுக்குப் போர்வை. எங்களிடம் கேம்ப் போக வாங்கிய கூடாரம் இருந்தது. அதைக் கட்டிலின்மேலேயே விரித்து நாலு பேரும் உள்ளே படுத்தோம். உடம்புச் சூடே அதை நிரப்பியது. தலைக்குக் குல்லா, காலுக்கு இரண்டு சாக்ஸ், இரண்டு சட்டைக்கு மேல் ஒரு கம்பளி. வியர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள், ஈரத் துணியோடு படுக்காதீர்கள்.

இரண்டாம் நாள் இரவு மாமா மெல்லக் கேட்டார்: "ஏம்மா, ஊர்ல மார்கழியில கணப்புப் போடுவோமே. அந்த பார்பிக்யூக் கரியைக் கொஞ்சம் இரும்புச் சட்டியில போட்டு மூலையில வெச்சா என்ன?" விரல் நுனி வலிக்கிற குளிர். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாம் மாமா, அது வாசலில் போடுவது. மூடின அறையில் போட்டால் தூக்கத்திலேயே போய்விடுவோம்" என்றேன். கொடைக்கானல், ஊட்டி விடுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். இங்கேயும் அந்த வாரம் அதே வாயுதான் உயிர் குடித்தது: கராஜுக்குள் காரை ஓடவிட்டவர்கள், வீட்டுக்குள் கரி மூட்டியவர்கள், ஜெனரேட்டரைச் சுவரோரம் வைத்தவர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று வரும், குளிரில் வந்த அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவோம்.

அதனால் கரி, கேம்ப் அடுப்பு எதுவும் உள்ளே வேண்டாம். சமையல் அடுப்பை அறையைச் சூடேற்ற எரியவிட வேண்டாம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி. போன் சார்ஜ் போடக் காரை ஓட்டினால் கராஜ் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, காரை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால், வால்வுச் சாவியைக்கூட விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

உருகும் நாள்

உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே ஓட்டையை அடைத்து வைத்திருக்கும். வெயில் வந்து, கரண்ட் வந்து, நாம் நிம்மதியாக மூச்சு விடும்போதுதான் தண்ணீர் கொட்டும். வால்வை மூடியிருந்தால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். வெளியே 32-க்கு மேல் சில மணி நேரம் போகட்டும், வீடும் சூடாகட்டும்.

ஏதாவது குழாயில் நீர் வரவில்லை என்றால் அது உறைந்திருக்கிறது. முனையைத் திறந்து வைத்து, முனைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டிக்கொண்டே உள்நோக்கிப் போங்கள். நெருப்பு காட்டாதீர்கள், வீடே பற்றியிருக்கிறது பலருக்கு. உடைந்தே விட்டால் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து, நனைந்ததை எல்லாம் படம் எடுத்துவிட்டுத்தான் அப்புறப்படுத்துங்கள். உடைந்த குழாய்த் துண்டையும் வைத்திருங்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார்.

வால்வைத் திறக்கும்போது ஒருவர் அங்கே நிற்க, ஒருவர் மாடியில் நிற்க வேண்டும். கால்வாசி மட்டும் திறந்துவிட்டு, டிவி, விசிறி எல்லாம் அணைத்து, பரண் கதவை இறக்கிக் காது கொடுங்கள். சத்தம் இல்லையா, இன்னும் கொஞ்சம் திறக்கலாம். குழாய்களில் காற்று புஸ்ஸென்று துப்பி அடங்கியதும் ஒவ்வொன்றாக மூடுங்கள். வெந்நீர்த் தொட்டியை அதன்பிறகுதான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

கடைசியாக, வீட்டில் ஒரு குழாயும் ஓடாதபோது தெருவோர மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல மீட்டர்களின் முகத்தில் மிளகளவு ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். எங்கோ கசிந்தால் அது மெல்லச் சுற்றும். பத்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். அசையவில்லையா, மூடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து கறிவேப்பிலைத் தொட்டியை மறுபடி வாசலுக்கு எடுத்து வையுங்கள்.